மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க எந்தத் தமிழ் நாடகம்?

கெலுகோர் கணக்குக்காரி, பினாங்கு

வணக்கம். நாடகம் பார்க்கிறவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஹாலில் இருப்பது நாங்கள் மூன்று பெண்கள்: மாமியார், நான், நான்காம் படிவத்தில் படிக்கும் மகள். வீட்டுக்காரருக்கு பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை. மாமியார் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நாடகங்களைப் பார்ப்பார். மகள் அதே சோபாவின் இன்னொரு மூலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போனில் கொரியத் தொடர் பார்ப்பாள். நடுவில் நான் துணி மடிப்பேன். இதை மாற்ற வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மூவரும் சேர்ந்து பார்த்து, விளம்பரம் வரும்போது நீ சொல்வது சரி, நான் சொல்வது சரி என்று வாதாடுகிற மாதிரி ஒரு நாடகம் வேண்டும்.

என் ரசனையையும் சொல்லிவிடுகிறேன். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். எந்த நாடகம் ஆரம்பித்தாலும் என் மனம் முதலில் தேடுவது, இந்த வீட்டுக்கு வரும்படி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். யார் வேலைக்குப் போகிறார்கள், வாடகை வீடா சொந்த வீடா, கல்யாணத்துக்கு வாங்கிய கடனை யார் கட்டுகிறார்கள்? இது தெரிந்துவிட்டால் அந்த மனிதர்களை நம்பிவிடுவேன். மாமியார் ஒரு சொல் சொன்னதும் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்ப முடிகிறதா இல்லையா என்பது, அவள் கையில் பேருந்துக்குக் காசு இருக்கிறதா என்பதில்தானே இருக்கிறது! அதைக் காட்டாமல், பட்டுப்புடவையும் நகையுமாகச் சமையற்கட்டில் நிற்கும் மருமகள் எவ்வளவு அழுதாலும் எனக்கு ஒட்டுவதில்லை.

சின்ன வயதில் இப்படி இல்லை. ‘சித்தி’ ஓடிய காலத்தில் (1999–2001) நான் பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் வரிசையில் ஆஸ்ட்ரோ வைத்திருந்த வீடு ஒன்றிரண்டுதான். பக்கத்து வீட்டு அத்தை வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வோம். மனைவியை இழந்தவரைக் கட்டிக்கொண்டு வந்த ராதிகா, அந்த வீட்டுக் குழந்தையிடம் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வாங்குவதைப் பார்க்க, எங்களோடு ஆண்களும் உட்கார்ந்திருப்பார்கள். சாரதா என்ற அந்தப் பெண்ணை அன்றைக்கு யாரும் நடிகையாகப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். என் மாமியார் நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை, அதனால் கீழே எழுத்து ஓடுகிற தொடர் அவருக்கு உதவாது. மகள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ்தான் பேசுவாள், ஆனால் வேகமாகவோ இலக்கியமாகவோ பேசினால் பாதியில் விட்டுவிடுவாள். ஓடி முடிந்த நாடகமாக இருந்தால் நல்லது. பாலில் விஷம், படியில் எண்ணெய், இறந்தவர் வேறு முகத்தோடு திரும்பி வருவது, இதெல்லாம் வேண்டாம்.


செந்தூல் அண்ணன், கோலாலம்பூர்

தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே பதில்: ‘மெட்டி ஒலி’. 2002 முதல் 2005 வரை ஓடியது, திருமுருகன் இயக்கியது. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் சன் டிவி மறுபடி போட்டபோது நான் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். நான் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவன். மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் எனக்கு ஒரு மண்டபமும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. அந்த நாள்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த நாடகம் என்று சொன்னால் மிகை இல்லை.

தாயில்லாத ஐந்து பெண்கள், அவர்களைக் கரையேற்றும் அப்பா சிதம்பரமாக டெல்லி குமார். கதை அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் கல்யாணம் பேசும்போது அந்த மனிதர் முகத்தில் ஓடும் கணக்கை நீங்கள் பார்க்க வேண்டும். சபையில் சிரிக்கிறார், தலையாட்டுகிறார், கை மட்டும் துண்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நான் எத்தனையோ பெண் வீட்டாரிடம் மெனு பேசியிருக்கிறேன். இன்னும் ஐம்பது பேருக்கு இலை போடச் சொல்லிவிட்டு, அதற்கு எவ்வளவு ஆகும் என்று மெதுவான குரலில் கேட்கும் அப்பாக்களின் முகம் அதுதான். அதை அந்த நடிகர் எங்கிருந்து கொண்டு வந்தாரோ.

அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியான சரோ கல்யாணமாகிப் போன வீட்டுக் கதை தனி. மாணிக்கமாக சேத்தன், அவன் அம்மாவாக சாந்தி வில்லியம்ஸ். அம்மா சொல்லுக்குக் கட்டுப்பட்டு மனைவியை நோகடிக்கும் மகன். சினிமாவில் வரும் வில்லன் மாதிரி உறுமுகிறவன் இல்லை இவன். ஒரு வேளை நல்லவனாக இருக்கிறான், மறுவேளை மாறிவிடுகிறான். அதனால்தான் சரோ அந்த வீட்டை விட்டு வரவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறாள். நீங்கள் சொன்னீர்களே பேருந்துக்காசு, அது இதில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் இருக்கிறது. பெண்ணைப் பார்க்க வரும் அப்பா சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எப்படி உட்காருகிறார், எதை விழுங்கிக்கொள்கிறார் என்று பாருங்கள். வீட்டில் பெண் பிள்ளை வைத்திருக்கும் யாருக்கும் நெஞ்சு கனக்கும்.

அது முடிந்ததும் அதே திருமுருகன் எடுத்த ‘நாதஸ்வரம்’ (2010–2015). காரைக்குடிப் பக்கம் நடக்கிற கதை. மௌலி நாதஸ்வர வித்வானாக வருவார். வரும்படி எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் தேட வேண்டியதே இல்லை, கச்சேரி இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. 1000-ஆவது அத்தியாயத்தை 2014-ல் நேரலையாகவே நடித்துக் காட்டினார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே பார்க்கலாம்.


கெலுகோர் கணக்குக்காரி

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கே பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ‘மெட்டி ஒலி’ பாட்டும், அதில் ஆடிய சாந்தி மாஸ்டரும் நினைவில் இருக்கிறார்கள். கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். சிதம்பரத்தின் துண்டைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த மாதிரிக் கவனிப்புக்காகத்தான் இங்கே கேட்டேன்.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. 800 அத்தியாயத்துக்கு மேல் போகிறது. ஒன்றுக்கு 20 நிமிடம் வைத்தாலும் 266 மணி நேரம். இரவுக்கு இரண்டு பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அடுத்த வருடம் மகளுக்கு எஸ்பிஎம் தேர்வு. நாங்கள் இரண்டு பேரும் பார்ப்போம், அவளைக் கடைசி வரை உட்கார வைக்க முடியாது. அவளை முதலில் உள்ளே இழுக்கிற மாதிரி சின்னதாக ஏதாவது வேண்டும்.


செராஸ் தங்கை, கோலாலம்பூர்

அக்கா, பழைய நாடகம்தான் நாடகம் என்று எல்லாரும் சொல்லும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை. ‘எதிர்நீச்சல்’ பார்த்தீர்களா? 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. நீங்கள் கேட்கும் எல்லாம் அதில் இருக்கிறது. படித்த நான்கு பெண்கள் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்து சமையற்கட்டில் அடைந்து கிடக்கிறார்கள்: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக ஜனனி. மூத்தவர் ஆதி குணசேகரன் நினைப்பதுதான் வீட்டில் நடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நான்கு பேரும் ஒருவருக்கொருவர் பலமாகிறார்கள். பழைய நாடகங்களில் ஓரகத்திகள் என்றாலே குழி பறிப்பார்கள். இதில் சேர்ந்து நிற்கிறார்கள். நான் முதலில் விழுந்தது அதில்தான்.

சொத்து விஷயம் சும்மா வந்து போவதில்லை. பட்டம்மாள் என்ற பெரியவர் பெயரில் 40 சதவீதப் பங்கு இருக்கிறது என்று தெரிய வந்ததும், அவ்வளவு நாள் கர்ஜித்த மனிதர் எப்படி ஆடிப்போகிறார் என்று பார்க்க வேண்டும். பாம்பே ஞானம் அதிகம் பேசாமலே அந்தப் பாத்திரத்தைத் தூக்கி நிறுத்தினார்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி இறந்துபோனார். அந்த நாடகத்துக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் உடம்பு முடியாமல் போனது. என் அம்மா அன்றைக்கு முழுக்க ஒன்றும் பேசவில்லை. தினமும் திட்டிக்கொண்டே பார்த்த மனிதருக்காக அவர் அப்படி அழுவார் என்று நான் நினைக்கவே இல்லை. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். நல்ல நடிகர். ஆனால் கதை அந்த அதிர்ச்சியிலிருந்து முழுதாக எழுந்திருக்கவில்லை என்பது என் கருத்து. அதனால் முதல் ஒன்றரை வருடப் பகுதியைப் பாருங்கள், அது போதும்.

இன்னொன்று. நாடகம் ஏன் நடுவில் தடம் மாறுகிறது என்று பலரும் கோபப்படுகிறார்கள். இந்தியாவில் வியாழக்கிழமைதோறும் டிஆர்பி, அதாவது எந்த நாடகத்தை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, வருகிறது. அதைப் பார்த்துத்தான் எந்த ட்ராக்கை இழுப்பது, யாரை வெளியூர் அனுப்புவது என்று முடிவாகிறது. அந்தக் கணக்கெடுப்பு இந்திய வீடுகளில் நடப்பது. பினாங்கிலும் செராஸிலும் நாம் கண் விழித்துப் பார்ப்பது அதில் ஏறாது. தினம் ஒரு அத்தியாயம் கொடுத்தாக வேண்டும் என்பதால்தான் ஒரு வசனத்துக்கு ஐந்து முகத்தைச் சுற்றிக் காட்டுவதும், ஆளை மாற்றிவிட்டு ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போடுவதும். இதையெல்லாம் தாண்டி ஒரு நாடகம் நன்றாக வந்தால் அது பெரிய உழைப்பு. அதை மதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.


கெலுகோர் கணக்குக்காரி

தங்கச்சி, நீங்கள் சொன்ன நாடகத்தை மாமியார் பார்த்திருக்கிறார். குணசேகரனைப் பற்றிக் கேட்டேன். “எங்க தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் ஒருத்தரு இருந்தாரு, அதே நடை, அதே பேச்சு. அவர் வர்ற சத்தம் கேட்டா, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல யாரும் மூச்சு விட மாட்டோம்” என்றார். பிறகு அரை மணி நேரம் அந்த மண்டோர் கதை. மகள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். பாட்டிக்கு அப்போது நாள் சம்பளம் எவ்வளவு என்று அவள் கேட்டதுதான் எனக்கு மகிழ்ச்சி.

‘எதிர்நீச்சல்’ இயக்கிய திருச்செல்வம்தானே ‘கோலங்கள்’ எடுத்தவர்? 2003 முதல் 2009 வரை. அதில் தொல்காப்பியனாக அவரே நடிக்கவும் செய்தார். அபி என்ற பெண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தேவயானி கட்டுமானத் தொழில் செய்கிறவராக வந்தார். அப்பாவின் இன்னொரு குடும்பத்துப் பிள்ளை ஆதி அவரை ஒழிக்கப் பார்ப்பான். நான் அப்போதுதான் படித்து முடித்து முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். டெண்டர், கடன், கூலி பாக்கி என்று ஒரு பெண் பேசுவதைத் தமிழ் டிவியில் தினமும் கேட்டது எனக்குப் புதிது. அபி கல்யாண வாழ்க்கையில் தோற்றுவிட்டாள் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அவள் தோற்றதாகத் தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறாளே!

இரண்டு நாடகத்திலும் பெண்களை மிரட்டுகிறவன் பெயர் ஆதி, இரண்டிலும் அவன் பயப்படுவது பெண் பெயரில் உள்ள சொத்துக்கு. திருச்செல்வத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிமானம் இருக்கிறது. 1500 அத்தியாயத்துக்கு மேல் என்பதால் ‘கோலங்கள்’ இப்போதைக்கு முடியாது, அவ்வளவுதான்.


நிபோங் திபால் ஓய்வுபெற்ற ஆசிரியர்

வணக்கம் அம்மா. உங்கள் மாமியார் எங்கள் வட்டாரத்துக்காரர் என்று அறிந்து எழுதுகிறேன். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவன்.

‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ பாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து 1990-களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தது. யூடியூபில் அவருடைய கவிதாலயாவே ஏற்றியிருக்கிறார்கள். தினசரி நாடகம் இல்லை, வாரம் ஒன்றாக வந்தது, ஆகவே எங்கும் இழுவை கிடையாது. தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில் தவறு செய்கிறவர்களுக்குத் தண்டனை விழுகிறது. கொடுப்பது கருப்பசாமியா, மனிதக் கையா? கடைசி வரை இந்தக் கேள்வியை விடாமல் கொண்டுபோவார்கள். ஒரு பக்கம் இன்றைக்கு நடப்பது, இன்னொரு பக்கம் பல வருடங்களுக்கு முன் நடந்தது என்று கதை முன்னும் பின்னும் போகும். அந்தக் காலத்தில் இது பெரிய துணிச்சல். மேலே ஒருவர் சொன்ன மாணிக்கமாக நடித்த சேத்தனும், தேவதர்ஷினியும் இதில் சேர்ந்து நடித்தார்கள். பிறகு வாழ்க்கையிலும் இணைந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கருப்பு என்பது நமக்குக் கதையில் வரும் சாமி இல்லை. கடல் கடந்து வந்தவர்கள் முனீஸ்வரனையும் கருப்பரையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு கல்லை நட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகள் ஆனபோது மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். எல்லைச்சாமிகளில் சில புது இடம் போயின, சில சாலை ஓரத்தில் நின்றன. வெறும் பயத்துக்காகக் கும்பிடுகிறோமா, நியாயம் கேட்க வேறு இடம் இல்லாததால் கும்பிடுகிறோமா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. அந்த நாடகம் அந்தக் கேள்வியைத் தொடுகிறது. உங்கள் மாமியாரிடம் அவர் தோட்டத்துக் கோயிலைப் பற்றிக் கேளுங்கள். நாடகத்தை விட அது நீளமாகப் போகலாம்.

பேத்தி இரவில் தனியாகத் தூங்குகிறவளாக இருந்தால் பகலில் பாருங்கள். உண்மையிலேயே பயமாக இருக்கும்.


பட்டர்வொர்த் தாதி, பினாங்கு

மகளை உள்ளே இழுக்க வேண்டும் என்றால் ‘அயலி’தான். 2023 ஜனவரியில் ஸீ5-ல் வந்தது, முத்துக்குமார் இயக்கினார், எட்டே அத்தியாயம். ஒரு சனி ஞாயிறு போதும்.

1990-ஆம் ஆண்டு வாக்கில் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற கிராமம். பெண் வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும், உடனே கல்யாணம். மீறினால் அயலி அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று ஊரே நம்புகிறது. அந்த ஊரில் இதுவரை எந்தப் பெண்ணும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. தமிழ்ச்செல்விக்கு டாக்டர் ஆக வேண்டும். ஆகவே தான் வயதுக்கு வந்ததையே ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறாள். அபி நட்சத்ராவின் நடிப்பு அப்படியே நம்ம வீட்டுப் பிள்ளை. அவள் அம்மா குருவம்மாளாக வரும் அனுமோளுக்காக நான் இரண்டாம் முறையும் பார்த்தேன். பயந்து பயந்து வாழ்ந்த ஒரு தாய், மகளின் ரகசியம் தெரிந்த பிறகு தன் பயத்தைத் தூக்கிப் போடுகிற இடம் இருக்கிறது. அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பாருங்கள்.

நான் கிளினிக்கில் வேலை செய்கிறவள். மாதவிலக்கைப் பற்றிப் பேச வரும் பெண் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். கூட வந்த அம்மாவும் அதற்கு மேல் குரலைத் தாழ்த்துவார். நாம் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்கிறோம், நாலு பேருக்குப் பத்திரிகை வைக்கிறோம், ஆனால் அந்தப் பிள்ளையிடம் நேராக உட்கார்ந்து பேசுவதில்லை. இந்தத் தொடரை என் இரண்டு மகள்களோடும் பார்த்தேன். முடிந்ததும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வெட்கப்படாமல் பதில் சொன்னேன்.

ஒரே எச்சரிக்கை: வட்டார வழக்கு கொஞ்சம் வேகமாக வரும். முதல் அத்தியாயத்தில் மகளுக்கு அங்கங்கே நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு அவளே பிடித்துக்கொள்வாள்.


கெப்போங் பார்வையாளன், கோலாலம்பூர்

எல்லாரும் நல்ல பெயர்களைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஆதங்கம், இதில் எதிலும் நம் ஊர் இல்லை. காரைக்குடி, மதுரை, புதுக்கோட்டை எல்லாம் நம் தாத்தாக்கள் விட்டு வந்த இடங்கள். ஆஸ்ட்ரோ விண்மீனில் உள்ளூர்த் தொடர்கள் வருகின்றன, அதற்கும் நேரம் கொடுங்கள். பாத்திரங்கள் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசும்போது, “பசியாறிட்டியா” என்று கேட்கும்போது, என் பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். காட்சி எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். நாம் பார்த்தால்தான் அடுத்ததை இன்னும் நன்றாக எடுப்பார்கள்.

நாடகம் இல்லை என்றாலும் ‘ஜகாட்’ படத்தை ஓர் இரவு பாருங்கள். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-ல் வந்தது. தோட்டம் போன பிறகு புறம்போக்கு வீடுகளில் வந்து ஒதுங்கிய குடும்பம், அப்போய் என்ற 12 வயதுப் பையன், அவன் அப்பா, இரண்டு சித்தப்பாக்கள். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதே வாங்கியது. அடிதடி இருக்கிறது, கெட்ட வார்த்தையும் இருக்கிறது. ஆனால் உங்கள் மாமியாருக்குப் பின்னால் தோட்டத்துக்கு என்ன ஆனது என்று மகளுக்குப் புரிய வைக்க இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

மகளுக்கு மலாய் சரளம் என்பதால் இன்னொன்று. 2009-ல் டிவி3-ல் வந்த ‘நூர் காசிஹ்’, கபீர் பாட்டியா இயக்கியது. 26 அத்தியாயத்தில் கதையைச் சொல்லி முடித்துவிட்டார்கள். தமிழில் தினசரி நாடகம் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.


கெலுகோர் கணக்குக்காரி

எல்லாருக்கும் நன்றி. என்ன செய்தோம் என்று எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது இதே நிலைமை இருந்தால் உதவும்.

தாதி அக்கா சொன்ன ‘அயலி’யை முதலில் எடுத்தோம். சனிக்கிழமை மதியம் தொடங்கினோம். மாமியார் இதைப் பார்த்து முகம் சுளிப்பாரோ என்று எனக்குப் பயம் இருந்தது. இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் அவர்தான் “அடுத்ததைப் போடு” என்றார். மகள் ஹெட்ஃபோனை அறையிலேயே வைத்துவிட்டு வந்தாள். புரியாத இடத்தில் என்னைக் கேட்காமல் பாட்டியைக் கேட்டாள், அவர் சொல்லிக்கொடுத்தார்.

தன் பள்ளிக்கூடம் எப்படி நின்றது என்று மாமியார் அன்றைக்குச் சொன்னார். வயதுக்கு வந்ததால் இல்லை. தம்பி பிறந்தான், அம்மா மரம் வெட்டப் போக வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவரை நிறுத்திவிட்டார்கள். தம்பி பிறகு படித்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இது எனக்குத் தெரியாது. மகள் கோபப்பட்டாள், யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. மாமியாருக்குக் கோபம் எதுவும் இல்லை. “அப்பல்லாம் ரெண்டு பேர் சம்பளம் இல்லாட்டி அடுப்பு எரியாது” என்றார். அந்த ஒரு பதிலில் எல்லாக் கணக்கும் எனக்கு விளங்கியது.

ஒரு குறையையும் சொல்கிறேன். கடைசிப் பகுதியில் எல்லாச் சிக்கலும் கொஞ்சம் சீக்கிரமாகத் தீர்ந்துவிட்டது மாதிரி எனக்குப் பட்டது. ஊர் அவ்வளவு லேசில் மாறாது. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் அவ்வளவு பட்ட பிறகு ஒரு நல்ல முடிவு கொடுக்காவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று வாதாடினாள். மாமியார் அவள் கட்சி.

ஆசிரியர் ஐயா சொன்ன ‘விடாது கருப்பு’ பள்ளி விடுமுறையில். ‘ஜகாட்’டை வீட்டுக்காரருக்கு விடுப்பு வரும் நாளில் நால்வரும் பார்ப்போம். அவர் அப்பாவும் தோட்டம் மூடியதும் அப்படித்தான் வந்து சேர்ந்தவர். செராஸ் தங்கச்சி, ‘எதிர்நீச்சல்’ மாமியார் ஏற்கெனவே பார்த்ததால் பிறகு வருகிறேன்.

செந்தூல் அண்ணா, இப்போது வார நாளில் ‘மெட்டி ஒலி’ போடலாம் என்று இருக்கிறோம். மகள் முதல் கொஞ்ச நாள் எங்களோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதலிலிருந்தே பார்க்க வேண்டுமா, இல்லை சரோ கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்தால் போதுமா?


செந்தூல் அண்ணன்

முதலிலிருந்தே போடுங்கள் தங்கச்சி. அந்த ஐந்து பெண்களும் அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கும் ஆரம்பப் பகுதியைப் பார்க்காவிட்டால், ஒவ்வொருத்தியாக வெளியே போகும்போது அவருக்கு என்ன குறைகிறது என்று தெரியாது. இழுக்கிற இடங்களில் தாராளமாக ஓட்டுங்கள். பெண் பார்க்க வரும் காட்சியையும் கல்யாணப் பேச்சையும் மட்டும் ஓட்டாதீர்கள். மகள் எஸ்பிஎம்முக்குப் படிக்கும் நாள்களில் நீங்கள் இருவரும் பார்த்து, சனிக்கிழமை அவளுக்குக் கதையைச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் நான் வேலைக்குப் போகும் நாள்களில் என் மனைவி அப்படித்தான் செய்வார்.

மாணிக்கம் கட்சியில் யாராவது பேசினால் இங்கே வந்து எழுதுங்கள். நான் பதில் சொல்கிறேன்.